பச்சைப் புள்ளியை அணைத்த மிஸாஜூர்

அந்தக் கிழமை எங்கள் தெருவில் செத்தவீடு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ரொஷானின் கடைக்குள் போய் வந்த ஆண்களின் முகங்களைப் பார்த்தவர்கள், யாரோ முக்கியமான ஆள் போய்விட்டதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நடந்தது மிஸாஜூர். மற்ற நாட்டுச் சொந்தக்காரர் அப்டேட் என்பதை பாரிசில் இருக்கும் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். தொலைக்காட்சிக்குக் கீழே வைத்து விளையாடுகிற கேம் பெட்டிக்கு, வியாழக்கிழமை இரவு எல்லாரும் நித்திரையாக இருந்தபோது, யாரையும் கேட்காமல் புது மிஸாஜூர் ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எங்கள் லா ஷப்பல் பகுதியில் பாதி ஆண்களுக்கு வேலையில் மனம் இல்லை.

ரொஷான் ரூ பிலிப்-து-ஜிராரில் தொலைபேசி திருத்துகிறவன். அவனுடைய கடைக்கும் என்னுடைய தையல் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு மட்டும். பலகைக்கு இந்தப் பக்கம் நான் சாறிச் சட்டை தைக்கிறேன். அந்தப் பக்கம் கதை சுவையாகும்போது மெஷினை நிறுத்திவிடுவேன். ஊசிக்கும் ஓய்வு வேண்டும்தானே.

முதலில் வந்தவர் அலெக்சிஸ். கழுத்துப்பட்டி கட்டி கந்தோருக்குப் போகிறவர். "எழுத்தெல்லாம் சின்னனாப் போச்சு, தம்பி. எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு." அவர் போக, மீன்கடை மடுத்தீன் வந்தார். முன்பு ஒரு அழுத்தலில் திறந்த விளையாட்டு இப்போது நாலு விளம்பரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதாம். பெட்டியும் பிளேன் எழும்புகிற மாதிரி இரைகிறதாம். இரண்டு பேரும் ரொஷானைப் பேசிய விதத்தில், அந்த மிஸாஜூரை அவன்தான் வீட்டில் இருந்து சமைத்துக் கொண்டுவந்தவன் என்று தோன்றும்.

"நான் உடைஞ்ச கண்ணாடி மாத்திறவன் அண்ணை," என்றான் ரொஷான். "உது மேலயிருந்து வாறது."

"மேலயிருந்து வாறதெண்டா நாங்கள் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

"ஆரிட்டையும் சொல்லேலாது. அதாலதான் என்னட்டை வாறியள்."

பின்னேரம் குகதாசன் வந்தார். எங்கள் கட்டடத்தில் எனக்கு நேர் மேல்வீடு. மார்க்ஸ் டோர்மோயில் ஒரு உணவுக்கடையில் சமையல் வேலை. அவர் வருவதற்கு முன்பே வெங்காயம் வதங்கிய வாசனை வந்துவிடும். கையில் ஸிப் வைத்த பாசுமதி அரிசிப் பை. அதற்குள் கேம் பெட்டி.

"இதைப் பழையபடி ஆக்கித் தா."

"ஏலாது அண்ணை. ஒருக்கா ஏறினா இறங்காது."

"பேர் ஒண்டு காணாமப் போச்சு."

"எந்தப் பேர்?"

குகதாசன் இருமினார். பலகைப் பக்கம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "பொண்டிப் பேர்," என்றார்.

நான் மெஷினை நிறுத்தினேன்.

பொண்டியில் இருப்பது அவருடைய தம்பி கரிகாலன். ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் கதைக்காமல் விட்டுப் பல வருடம். காரணம் எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். கரிகாலன் தன் மகள் அனுஜா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சொந்த அண்ணனுக்கு வட்ஸப்பில் காட் அனுப்பினார். புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, பழம் வெற்றிலை வைத்து, வாயால் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. தூரத்துச் சொந்தத்துக்கு வட்ஸப் போதும், கூடப்பிறந்தவருக்குப் போதாது. குகதாசன் போகவில்லை. மண்டபத்தில் பெரியப்பாவின் கதிரை வெறுமையாக இருந்தது. அதை வீடியோக்காரரும் விடாமல் எடுத்து வைத்தார்.

அன்றிலிருந்து கதை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு உதைபந்தாட்டம் மட்டும் நிற்கவில்லை. இருவரும் ஒரே நாளில் வாங்கிய பெட்டிகள். பட்டியலில் மற்றவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். புள்ளியை அழுத்தினால் ஆட்டம் தொடங்கும். யார் முதலில் அழுத்தியது என்று பெட்டி சொல்லாது. அந்த ஒரு மரியாதையில்தான் இத்தனை வருடமும் ஓடியது. மைக்கை நிறுத்திவிட்டு, ஒரு சொல் இல்லாமல், இரண்டு ஆட்டம். குகதாசனுக்குப் பித்தப்பை எடுத்துவிட்டு வந்த கிழமை, கரிகாலன் தன்னுடைய கோலுக்குள் தானே பந்தை அடித்தார். நலம் விசாரித்தது அவ்வளவுதான். அன்று மேல்வீட்டில் குகதாசன் நீண்ட நேரம் நடந்துகொண்டிருந்தார்.

இப்போது மிஸாஜூர் எல்லாருடைய நண்பர் பட்டியலையும் துடைத்துவிட்டது. ஏதோ புதுப் பாதுகாப்பு விதியாம். வேண்டியவர்களைத் திரும்பவும் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

"ஒண்டுமில்லை அண்ணை," என்றான் ரொஷான். "இன்னார் உங்கட நண்பராக விரும்புகிறார் எண்டு அவருக்கு ஒரு கேள்வி போகும். அவர் ஓமெண்டு அழுத்தினாச் சரி."

"நான் விரும்புறன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"பெட்டி அப்பிடித்தான் எழுதும்."

"வேறை மாதிரி எழுதேலாதோ?"

"வேறை மாதிரியெண்டா?"

"சும்மா, பேரை மட்டும்."

"ஏலாது."

"அப்ப அவன் அனுப்பட்டும். நான் மூத்தவன்," என்று குகதாசன் அரிசிப் பையின் ஸிப்பை இழுத்து மூடினார்.

சனிக்கிழமை கரிகாலன் வந்தார். பொண்டியில் தொலைபேசி திருத்துகிறவர்கள் இல்லாமலா? தொப்பியை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டு, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு, தெருவின் நடுவால் வந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்தில அனுப்பினா ஆற்றை பேர் முதல்ல போகும்?"

ரொஷானுக்கு உடனே விளங்கிவிட்டது. "எப்பிடியும் ஒராளின்ரை முந்தும், அண்ணை."

"அவர் வேண்டாம் எண்டு அழுத்தினா?"

"மறுத்திட்டார் எண்டு எழுதி வரும்."

"எழுத்திலயோ?"

"ஓம்."

கரிகாலன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தொலைபேசி உறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எதையும் வாங்காமல் போனார்.

ஞாயிறு மூன்று மணிக்கு வழக்கமாக என் தலைக்கு மேலே கால் தட்டுகிற சத்தம் கேட்கும். கோல் அடித்தால் ஒரு தட்டு, வாங்கினால் இரண்டு. அன்று தட்டவே இல்லை. பிறகு ஏதோ சுவரில் மோதி விழுந்தது. கொஞ்சத்தில் இந்திராதேவி, குகதாசனின் பெண்சாதி, கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் கீழே வந்தார்.

"மனுசன் முன்னப் பின்னத் தெரியாதவையோட விளையாடுது, சுகிர்தமக்கா. ஆரோ ஒரு சின்னப் பெடி ஏழு கோல் அடிச்சிட்டு, பிரெஞ்சில வயசு கேட்டவனாம். கையில பிடிச்சு விளையாடுற மனெத்தைத் தூக்கி எறிஞ்சிட்டார்."

"சாம்பவி அழுத்திவிடலாம்தானே?" என்றேன். சாம்பவி அவர்களுடைய மகள், பல்கலைக்கழகம் போகிறவள்.

"கேட்டவள். 'ஒரு புத்தோன் தானே பப்பா, நான் அழுத்திறன்' எண்டவள். அதுக்குப் பிறகு மனெத்தைக் காணேல்லை. இப்ப பருப்பு அவிக்கக் குக்கரைத் திறக்கிறன், உள்ளுக்குக் கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. நானும் அவர் போகும்வரை சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கரிகாலனின் பெண்சாதி தயாளினி சட்டை அளவு கொடுக்க வந்தார். என் வாயில் ஊசிகள் இருந்தன. ஆனாலும் நான்கு ஊசியைக் கடித்துக்கொண்டு கதைக்கிற பழக்கம் எனக்கு உண்டு.

"உங்கட அத்தார் பெட்டியை அரிசிப் பையில போட்டுக்கொண்டு வந்தவர், பிள்ளை. பேரைக் காணேல்லையெண்டு."

தயாளினி கையை உயர்த்தியபடியே நின்றார். "எந்தப் பேரை?"

"பொண்டிப் பேரை."

தயாளினி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "எங்கட ஆளும் சரியில்லை அக்கா. ஞாயிறு மூண்டு மணிக்கு குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு இருந்திட்டு நாலரைக்கு வருது. அனுப்புங்கோவன் எண்டு சொன்னன். வேண்டாம் எண்டு எழுதி வந்தா, பிறகு அந்த எழுத்தோட எப்பிடி இருக்கிறது எண்டு கேக்கிறார்."

"பெட்டியில வேண்டாம் எண்ட பொத்தான் இருக்கு," என்றேன். "வாசல்ல வந்து நிக்கிறவைக்கு அப்பிடி ஒரு பொத்தான் இல்லை. கையைக் கொஞ்சம் இறக்கும், தோள் அளவு பார்க்க."

இதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. என்னைப் பற்றி வேறு விதமாகக் கதைப்பவர்களும் இந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு இரண்டரை மணிக்குப் படியில் காலடி கேட்டது. கதவை ஒரு விரல் அளவு திறந்தேன். தயாளினி பச்சைச் சாறி. கரிகாலன் இஸ்திரி போட்ட சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டிருந்தார். கையில் ஒரு வாழைப்பழச் சீப்பு, அப்பிள், வெற்றிலை. கலியாணத்துக்குச் சொல்லப் போகிற கோலம் தப்பாமல் இருந்தது. எனக்கு உடனே இந்திராதேவியின் சட்டைக்குக் கொக்கி தைத்து முடித்திருந்தது ஞாபகம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

கதவு திறந்துதான் இருந்தது. குகதாசன் இடுப்பில் சாரத்தோடு, கையில் மனெத்தோடு, கதிரைக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார். இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இந்திராதேவி பழத்தட்டை வாங்கி மேசையில் வைத்தார்.

"இருங்கோ. என்ன விசேசம், தம்பி? பிள்ளைக்கு ஏதும் பொருந்தி வந்திட்டுதோ?"

"அவள் இன்னும் லிசேயில படிக்கிறாள் அண்ணி."

"அப்ப?"

கரிகாலன் தன் சப்பாத்து இல்லாத கால்களைப் பார்த்தார். "விளையாட்டுக்குச் சொல்ல வந்தனாங்கள்."

தயாளினி தலைப்பை இழுத்துச் சரி செய்தார். குகதாசன் தம்பியைப் பார்க்காமல் பெண்சாதியைப் பார்த்துச் சொன்னார்: "வந்தவைக்குத் தேத்தண்ணி குடு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெண்சாதிமார் வழியாக. கரிகாலன் தயாளினியிடம், அண்ணை பெட்டியைப் போடட்டும் என்றார். தயாளினி இந்திராதேவியிடம் சொன்னார். இந்திராதேவி பெட்டியைப் போட்டார். நாலு விளம்பரம் ஓடி முடிந்தது. கரிகாலன் தன் தொலைபேசியில் பெட்டியின் செயலியைத் திறந்து, நெஞ்சோடு பிடித்து, அழுத்தினார்.

தொலைக்காட்சியில் எழுத்து வந்தது. குகதாசன் கண்ணாடியைத் தேடிப் போட்டார். தெரியவில்லை. திரைக்கு மூக்கு முட்டும் அளவுக்குப் போய்ப் படித்தார். கரிகாலன் உங்கள் நண்பராக விரும்புகிறார். கீழே இரண்டு கட்டம், ஏற்க, மறுக்க. அவர் இரண்டாம் தரமும் படித்தார். அந்த அறையில் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட யாரும் வாயில் வைக்கவில்லை.

மனெத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு நீளக் கோடு வந்தது. புதிய மிஸாஜூர் ஏறுகிறது, அணைக்க வேண்டாம். நூற்றுக்கு நாலு வீதம்.

"என்னத்தை அழுத்தினனியள்?" என்றார் இந்திராதேவி.

"ஓமெண்டதைத்தான்."

அதுதான் அவர் தம்பிக்குச் சொன்ன பதில். ஆனால் சொன்னது பெண்சாதிக்கு. பெட்டிக்குள் அது போனதோ இல்லையோ யாருக்கும் தெரியாது. சொல்ல வந்தவர்கள் பதில் வாங்காமல் எழும்பவும் முடியாது. எல்லாரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒன்பது வீதத்தில் அது நின்றது. இரண்டாம் தேத்தண்ணி வந்தது. மூன்று மணியும் வந்து போனது. கோடு அசையவில்லை.

"கோதாரி விழுந்த பெட்டி," என்றார் குகதாசன், திரையைப் பார்த்து.

"எங்கட பெட்டியும் உப்பிடித்தான்," என்றார் கரிகாலன், அவரும் திரையைப் பார்த்து. "வியாழக்கிழமை ராத்திரி ஏறினது. கேட்டு ஏறினதோ? இல்லை."

"கேக்காமத்தான் ஏறினது."

"எழுத்து உங்களுக்குத் தெரியுதோ, அண்ணை?"

இந்திராதேவியும் தயாளினியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். குகதாசன் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"எங்கை தெரியிறது? செய்தவன்ரை கண்ணைத்தான் முதல்ல சோதிக்கவேணும். முந்தி ஆட்டக்காரருக்கு மஞ்சள் உடுப்பு எடுக்க ரெண்டு தரம் அழுத்தினாக் காணும். இப்ப ஏழு தரம்."

"எட்டு. பிறகு நிச்சயமோ எண்டு வேறை கேக்குது."

"அதுகும் கேக்குதோ உங்கை?"

"கேக்குது. நான் என்ன, நிச்சயமில்லாமலோ அழுத்திறன்?"

பிறகு நிற்கவில்லை. விளம்பரம், இரைச்சல், சேமித்து வைத்திருந்து காணாமல் போன ஆட்டங்கள், ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துத் திட்டினார். சாமத்தியவீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் சட்டையைக் கொடுத்தாயிற்று, தேத்தண்ணியும் இரண்டு குடித்தாயிற்று. இன்னும் இருக்க எனக்குச் சாட்டு இல்லை. பதினேழு வீதத்தில், வேண்டாவெறுப்பாக, கீழே வந்தேன். இருட்டும்வரை மேலே கால் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. இரண்டு ஆண் குரல்கள் மட்டும், ஏதோ ஒரு கொம்பனியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை குகதாசன் ரொஷானிடம் வந்தார். நான் மெஷினைத் தொடவே இல்லை.

"அழுத்தினது போகேல்லையாம்," என்றார். "மிஸாஜூர் ஏறி முடிஞ்சு பார்த்தா கேள்வியையே காணேல்லை. திருப்பி அனுப்பவேணுமாம்."

"அவர் அனுப்புவார்தானே அண்ணை."

"அவன் ஏன் அனுப்பவேணும்? வந்து சொல்லிப்போட்டுப் போயிட்டான்." குகதாசன் ஏதோ கணக்கைச் சரிபார்ப்பவர் போலக் கொஞ்சம் நின்றார். "வந்த வீட்டுக்கு நாங்கள் போகவேணும்."

"சாமத்தியவீட்டுக் கதை முடிஞ்சுதோ?"

"அது வேறை," என்றார் குகதாசன். "அதுக்கு அவன் இன்னும் வந்து சொல்லேல்லை. இந்த அறுந்த மிஸாஜூரை ஆர் செய்தவங்கள் எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லு."

அன்று பின்னேரம் இந்திராதேவி சாறிச் சட்டைக்கு நீலப் பட்டுத் துணியோடு கடைக்கு வந்தார். கைக்கு வேலைப்பாடு ஒன்றும் வேண்டாமாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் போதுமாம். எங்கே போவதற்கு என்று நான் கேட்டேன். தெரியாத மாதிரித்தான் கேட்டேன்.