டியூப் அறை

பந்தய மைதானத்தில் அந்த சைக்கிள் வந்து நின்றபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்தவனுக்கு சைக்கிள் புதிதில்லை. இரும்புப் பட்டை கட்டி முதுகை உடைத்த மர வண்டி, ஆளுயரச் சக்கரத்தின் மேல் உட்கார்த்தி வைத்துத் தலைகுப்புறத் தள்ளிய வண்டி என்று எல்லாவற்றையும் எங்கள் ஊர் செய்து பார்த்துவிட்டது. பிறகு ரப்பர் வந்தபோதும் விரல் கனத்துக்கு, கெட்டியாகத்தான் இருந்தது. இதன் டயரோ கொழுத்துப் போய், காற்று அடைத்து, தொட்டால் அமுங்கியது.

"எலே, கசாப்புக் கடையிலேர்ந்து பன்னிக்குடலைச் சுத்திட்டு வந்துட்டியா?" என்று யாரோ கத்தினார்கள்.

ஓட்டியவன் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான். நான்கு பந்தயம் ஓடினான், நான்கிலும் ஜெயித்தான். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி வந்தபோது, இவன் வழுக்கிக்கொண்டு போனான்.

என் பக்கத்தில் டோர்கஸ் நின்றிருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் மட்டும் சிரிக்கவே இல்லை.

"ரூபன், அவன் தரையிலயே போகலய்யா. காத்து மேல உக்காந்து போறான்" என்றாள். "எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்."

"உனக்கா? பாவாடை சங்கிலியில மாட்டிக்கும்டி."

"மாட்டினா கிழியட்டும். தைக்கத் தெரியாதா எனக்கு?"

நான் சக்கரம் கோக்கிறவன். போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாக முறுக்கி, ரிம்மைக் கோணல் இல்லாமல் சுற்ற வைப்பது என் வேலை. அந்தப் பந்தயம் முடிந்து இரண்டு வருஷத்துக்குள் கெட்டி ரப்பரைக் கேட்பார் இல்லை. எங்கள் ஆலை முற்றத்தின் கடைசியில் செங்கல்லில் ஓர் அறை கட்டினார்கள். டியூப் அறை. மெல்லிய ரப்பரைக் குழாயாக ஒட்டி, ஒரு திரவத்தில் முக்கி எடுத்தால் அது இறுகி, காற்றைத் தாங்கும். அந்தத் திரவத்தை எல்லோரும் 'மருந்து' என்றுதான் சொன்னோம். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். வேலைக்கு நுணுக்கமான விரல் வேண்டும், பெண்கள் போதும் என்றார் ஃபோர்மேன் டல்லி.

டோர்கஸுக்கு அங்கே வேலை கேட்டு டல்லியிடம் போனவன் நான்தான். இதை நான் மாற்றிச் சொல்ல முடியாது.

முதல் மாதம் தலைவலி. பிறகு வேலை விட்டு வரும்போது கால் பின்னியது. தெருவில் பார்த்தவர்கள், "என்னம்மா, இன்னைக்கு எத்தனை கிளாஸ்?" என்று கேலி செய்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து பீரைத் தொட்டதில்லை. சபைக்குப் போகிற குடும்பம். அவளும் சிரிப்பாள். காரணமில்லாமல், நிறுத்த முடியாமல், கண்ணீர் வருகிறவரை சிரிப்பாள். ராச்சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்குலயும் மருந்து வாடை வருது" என்று தள்ளி வைத்துவிடுவாள்.

"விட்டுரு, டோர்கஸ். போதும்" என்றேன் ஒரு நாள்.

"வசந்தம் வரைக்கும் இருக்கேன்யா. ஆலை ஆளுங்களுக்கு சைக்கிள் சல்லிசா தர்றாங்கல்ல? அதுக்கப்புறம் நின்னுடறேன்."

அன்றைக்கே அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டும். நான் "சரி" என்றேன்.

மார்ச்சில் சைக்கிள் வந்தது. இரண்டு சக்கரத்தையும் நானே கோத்தேன். ஞாயிற்றுக்கிழமை கெனில்வொர்த் சாலைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஏறி உட்கார்ந்தாள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். நூறு அடி போயிருப்பாள். வலது கால் பெடலிலிருந்து நழுவித் தொங்கியது.

"கால வை, டோர்கஸ்! மிதி!"

"எங்க இருக்குன்னே தெரியலயே."

"எது?"

"என் காலு."

வேலியோரப் புல்லில் சாய்ந்தாள். அடி படவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு வீடு வரும்வரை ஓயவில்லை. மறுநாள் நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வேலைக்குப் போனாள். அங்கே பக்கத்தில் நின்ற லெட்டிஸ் ஹாப்டேயின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறாள். லெட்டிஸ் அவளுக்கு உயிர்த்தோழி. நான்கு பேர் சேர்ந்து பிடித்து வெளியே கொண்டு வந்தபோது, "என் விரலத் திருடிட்டா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் வந்து அவள் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லைங்க. சபைக்குப் போற குடும்பம். அவ டியூப் அறையில வேலை பாக்குறவங்க. அந்த மருந்துதான்..."

"அப்ப மதப்பித்தா இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். சாயங்காலம் மனநோய் விடுதி வண்டி வந்தது.

டல்லியிடம் போனேன்.

"சார், அந்த அறையில ஒரு ஜன்னலாவது திறந்து வைங்க. மத்த பொண்ணுங்களுக்காவது."

"திறந்தா தூசி வரும், ரப்பர்ல ஒட்டும். டியூப் வெடிச்சா வாங்கினவன் உன்னையா கேப்பான்?" அவர் கெட்ட மனிதர் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "நானே உள்ள பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கிறதில்ல, ரூபன்" என்றார்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காக அந்த அறைப் பெண்களின் வீடு வீடாக அலைந்தேன். கதவைப் பாதி திறந்து, என் பின்னால் தெருவைப் பார்த்தார்கள். "எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குப்பா" என்றார்கள். லெட்டிஸ் மட்டும் போட்டாள். கழுத்தில் டோர்கஸின் விரல் பதிந்த தடம் இன்னும் மஞ்சளாக இருந்தது. இரண்டு வாரத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அக்கா வீட்டுக்கு லீட்ஸ் போய்விட்டாள். இன்ஸ்பெக்டர் வருவதாக முன்கூட்டியே தகவல் வந்தது. அவர் வந்த நாளில் ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருந்தன, மருந்துத் தொட்டிகள் மூடியிருந்தன. நல்ல காற்றோட்டம் என்று பாராட்டிவிட்டுப் போனார். டோர்கஸின் இடத்தில் மறுவாரமே வேறொருத்தி நின்றாள். வாசலில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

நானாவது வேலையை விட்டிருக்கலாம் என்பீர்கள். எங்கே போவது? எங்கள் ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளே சைக்கிள்தான் செய்தார்கள். விடிந்தால் போய்ச் சக்கரம் கோத்தேன். நான் கோத்த சக்கரங்கள் நேராக டியூப் அறைப் பக்கம் போயின.

விடுதி பத்து மைல். ஞாயிறுதோறும் சைக்கிளில் போவேன். அந்த டயர் கல்லும் பள்ளமும் தெரியாமல் என்னை அழைத்துப் போகும். அது எவ்வளவு சுகமாக இருந்ததோ அவ்வளவு அருவருப்பாகவும் இருந்தது. முதல் வருஷம் என்னைப் பார்த்தால் அழுவாள். அடுத்த வருஷம் என்னை டல்லி என்று நினைத்து, "இன்னும் இருபதுதான் சார் பாக்கி" என்று மடியில் இல்லாத ரப்பரை உருட்டுவாள். அதற்கப்புறம் கையும் ஓய்ந்துவிட்டது.

பதினோரு வருஷம் உயிரோடு இருந்தாள். கடைசியாகப் போனபோது நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் தாதியிடம் திரும்பினாள்.

"யாரு இவரு?"

"உன் புருஷன்மா. பாவம், வாரா வாரம் வர்றாரு."

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை முகத்தில் இருந்தது.

"அப்படியா?" என்றாள். "உங்க சம்சாரத்துக்கு உடம்பு எப்படி இருக்கு இப்ப?"

"பரவாயில்லைங்க" என்றேன்.