சுடாத தரை

மருந்துக்கடைக்காரர் கார் ஓட்டும்போது செருப்புப் போடமாட்டார். கோட்டு சூட்டோடு கிளம்புகிற நாளானாலும் சரி, மழை கொட்டுகிற நாளானாலும் சரி, கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார். யாராவது கேட்டுத் தொலைத்தால் போச்சு. "செருப்புப் போட்டுக்கிட்டு கிளட்ச் மிதிக்கிறவன், உறை மாட்டின கையால நாடி பிடிக்கிறவன் மாதிரி. வண்டி என்ன சொல்லுதுன்னு பாதத்துக்குத்தான் தெரியும்" என்று ஆரம்பித்துவிடுவார். இந்தப் பிரசங்கத்தை முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

வண்டி கறுப்பு நிறம். உருண்டை முதுகு. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அவர் பிறந்த வருஷமே தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இப்போது இருவருக்கும் எழுபத்தொரு வயது. கடையை மருமகனிடம் விட்டபிறகு மனிதருக்கு இதைத் தவிர வேறு வேலையே இல்லை. காலையில் துடைப்பார், மத்தியானம் பார்ப்பார், சாயங்காலம் மறுபடி துடைப்பார். மனைவி அந்த வண்டிக்கு வைத்த பெயர் 'சக்களத்தி'. கோபத்தில் வைத்த பெயர்தான், போகப் போக வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

பாதத்துக்குத் தெரியும் என்கிற பிரசங்கமெல்லாம் சரி. அந்தப் பாதம் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் கடைவீதிக்குப் போய்விட்டு வீடு வந்து சேர்ந்தார், வலது காலில் செருப்பைக் காணோம். எங்கே கழன்றது, எப்போது கழன்றது, ஒன்றும் தெரியவில்லை. வழியெல்லாம் சரளைக் கல். வேறு யாராவது என்றால் வயசாயிடுச்சு, மறதி என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் நாற்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்று சர்க்கரை வியாதிக்கு மாத்திரை கொடுத்தவர். 'தினம் பாதத்தைப் பாருங்க, மரத்துப்போச்சுன்னா ஒருநாள் கூடத் தள்ளிப்போடாதீங்க' என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னவர். அவருக்குத் தெரியாதா? வாசற்படியில் உட்கார்ந்து கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தார். யாருடைய விரலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது. எழுந்து உள்ளே போய், செருப்பு அறுந்துபோச்சு, எறிஞ்சிட்டேன் என்று மனைவியிடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

டாக்டரிடம் போனால் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று அவருக்கு மனப்பாடம். வண்டி ஓட்டுறத நிறுத்துங்க. அந்த வார்த்தையைக் கேட்க அவர் தயாராக இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்தால்தான் அவருக்கு முழங்கால் வலி இல்லை, மூத்திரத் தொந்தரவு இல்லை, பேரப்பிள்ளைகள் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அதற்குள்ளே அவர் ஆள். வெளியே இறங்கினால் கிழவர். இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

அதனால் காலுக்குப் பதில் காதால் ஓட்டக் கற்றுக்கொண்டார். கிளட்ச் பிடிக்கிற இடத்தை இஞ்சின் சத்தத்தில் கண்டுபிடித்தார். பிரேக்கை மிதிக்கும்போது ஓரக்கண்ணால் கீழே ஒரு பார்வை. கெட்டிக்காரர்தான், யார் இல்லை என்றது? பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மனைவிக்கே சந்தேகம் வரவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை பழைய வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடி, நகரத்திலிருந்து அணைக்கட்டு வரை வரிசையாகப் போவார்கள். அறுபது கிலோமீட்டர். வண்டிக்குச் சொந்தக்காரரேதான் ஓட்டவேண்டும்; டிரைவரை வைத்து ஓட்டினால் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். அவர் பத்தொன்பது முறை போய்வந்தவர். இருபதாவது முறையும் போய்விட வேண்டும், அதற்குப்பிறகு என்ன வந்தாலும் வரட்டும் என்று மனதுக்குள் ஒரு கெடு வைத்திருந்தார்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் சைலன்சர் குழாய் துருப்பிடித்து உடைந்தது. மெக்கானிக் வந்து மாற்றினார். இருபத்தைந்து வருஷமாக அந்த வண்டிக்குக் கை வைக்கிற ஒரே ஆள்.

"அண்ணே, பழைய அளவுல குழாய் கிடைக்கல. இது கொஞ்சம் தடிமன். டிரைவர் பக்கம் தரைய ஒட்டினாப்ல போகுது. அரை மணி நேரம் ஓடினா, நீங்க கால் வைக்கிற இடம் அடுப்பாட்டம் ஆயிடும். கனமா ஒரு ஷீட்டு வெச்சு, மேல ரப்பர் மேட் ஒட்டியிருக்கேன். தயவுசெஞ்சு அத எடுத்துடாதீங்க."

"நான் ஏம்ப்பா எடுக்கப்போறேன்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

எடுத்தார். இரண்டே நாள் பொறுத்தார், மூன்றாம் நாள் எடுத்துவிட்டார். அணைக்கட்டில் நடுவர்கள் வருவார்கள். கதவைத் திறந்து, டார்ச் அடித்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இல்லாத ஒரு திருகாணி இருந்தால்கூட மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். அந்த ரப்பர் மேட் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது, பட்டுச்சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி. பிய்த்து எறிந்தார். பசையை மண்ணெண்ணெய் தொட்டுச் சுரண்டினார். வெறும் இரும்புத் தரை, எழுபத்தொரு வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வண்ணத்தோடு பளபளத்தது.

முன்யோசனை இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள், சோதனையும் செய்தார். ஷெட் கதவைத் திறந்துவைத்து, இருபது நிமிஷம் இஞ்சினை ஓடவிட்டு, செருப்பைக் கழற்றி, குழாய் போகிற இடத்தில் பாதத்தை அழுத்தி வைத்துப் பார்த்தார். சுடவில்லை. இன்னும் அழுத்தினார். சுடவே இல்லை.

"எங்க சுடுது? இவனுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே இஞ்சினை அணைத்தார்.

அட மனுஷா! கையை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா? பெடல் தெரியாத கால் என்று தெரிந்து வைத்திருந்தவருக்கு, அதற்குச் சூடும் தெரியாது என்பது தோன்றவில்லை. அடுத்தவர் காலாக இருந்தால் கண நேரத்தில் தோன்றியிருக்கும்.

அணைக்கட்டுக்குக் கிளம்பிய அன்று காலை நேரம் அவ்வளவு அழகாக இருந்தது. முப்பத்திரண்டு வண்டிகள். முன்னால் பைலட் போனார். விமானத்தில் ஒருதடவைகூட ஏறாதவர், கூரையில்லாத வண்டியில் தோல் தொப்பியும் கண்ணாடியுமாக உட்காருவதால் அந்தப் பெயர். சாலையோரம் நின்றவர்கள் கையசைத்தார்கள். பள்ளிப்பேருந்துக் குழந்தைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்துக் காட்டினார். முகமெல்லாம் பல்.

பாதி வழியில் மனைவி சொன்னார்: "ஏங்க, உங்க பக்கத்துலேர்ந்து அனல் அடிக்குதே. என் செருப்பையும் தாண்டிச் சுடுது."

"இஞ்சின்னா சூடு இருக்கத்தான் செய்யும். உன் சக்களத்தி மேல உனக்கு எப்பவும் ஒரு குத்தம்."

"குத்தம் இல்லீங்க, நிஜமாவே கொதிக்குது. உங்களுக்குச் சுடலையா?"

"முப்பது வருஷமா மிதிக்கிற காலு. பழகிப்போச்சு."

மனைவி முணுமுணுத்துக்கொண்டே காலை சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். இவர் வலது குதிகாலைத் தரையில் ஊன்றி, ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே மீதி முப்பது கிலோமீட்டரையும் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார்.

அணைக்கட்டில் சிமெண்டுத் தரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. நடுவர்கள் வந்தார்கள், குனிந்தார்கள், டார்ச் அடித்தார்கள். தரையைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மருந்துக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் வெறுங்காலோடே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் கதை சொன்னார்.

"யோவ் மருந்து, உன் வண்டி ஒழுகுதுய்யா" என்றார் பைலட்.

பார்த்தால், ஆமாம், சிமெண்டில் ஈரம். திட்டுத் திட்டாக. மருந்துக்கடைக்காரர் ஓடிப்போய் பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் முழுசாக இருந்தது. ஹோஸைப் பிழிந்து பார்த்தார், காய்ந்திருந்தது. அதற்குள் நாலைந்து கிழவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் வாட்டர் பம்ப் என்றார், இன்னொருவர் பிரேக் ஆயில் என்றார். பைலட் விரலால் தொட்டு முகர்ந்து, "பெட்ரோல் இல்ல, ஆயிலும் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் பின்பக்கம் போனார், அங்கேயும் ஈரம். சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார், அங்கேயும் ஈரம். "எல்லாப் பக்கமும் ஒழுகுதேய்யா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மனைவி தண்ணீர் பாட்டிலோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். வண்டி என்றாலே அவருக்கு ஆகாது, அதனால் அவர் வண்டியைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். ஈரம் வண்டிக்கு அடியில் இல்லை. புருஷன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வந்தது. வலது பக்கம் மட்டும்.

"ஏங்க, நில்லுங்க. ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க."

கீழே உட்கார்ந்து அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினார். குதிகாலின் தோல் மொத்தமாகக் கழன்று தொங்கியது. உள்ளே வெள்ளையாகவும் சிவப்பாகவும் இருந்தது. பைலட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் கத்தவில்லை, அழவில்லை.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"காலு உணர்ச்சி இல்லாம எத்தனை நாளா?"

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஒரு வருஷம்" என்றார்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்கும் மனசில்லை. முதலில் குதிகாலைச் சுத்தம் செய்தார்கள். ஆறவில்லை. பிறகு விரல்கள் கறுத்தன. பிறகு முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. ஐந்தாவது வாரம் பைலட் ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் பரிசு. தரை உட்பட ஒன்றையும் மாற்றாமல் பாதுகாத்ததற்காக என்று அதில் பொறித்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். பைலட் கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதோடு ஆசை விட்டுப்போயிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வீட்டுக்கு வந்த மறுநாளே மெக்கானிக்கை வரச் சொன்னார். அவர் வந்து காலைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வெல்டு அடிச்சு விட்டிருக்கணும் அண்ணே. ஒட்டிவெச்சது என் தப்பு."

"அத விடு. ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் கையால இழுக்கிற மாதிரி வெச்சுத் தர முடியுமா?"

மெக்கானிக் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "முடியும். ஆனா தரையில நாலு துளை போடணும். கிளட்சுக்கு மட்டும் இடது கால் வேணும்."

"போடு. நாலு என்ன, நாப்பது போடு."

ஒரு ரப்பர் மேட்டைப் பொறுக்காதவர் சொல்கிற வார்த்தை இது. காபி கொண்டுவந்த மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னுமா உங்களுக்கு ஆசை விடல?"

"இதையும் விட்டுட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு."

அந்த அம்மாளுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. நான் இருக்கேனே என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்தில் அது செல்லுபடியானதில்லை, அதனால் சொல்லவில்லை. டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் கம்பிகளை வளைத்துப் பொருத்தினார். லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரே ஒரு காகிதம் கேட்டார்கள்: இடது பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ். மருந்துக்கடைக்காரர் கலங்கவில்லை. அந்தப் பரிசோதனை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடை வாசலில் எத்தனை முகாம் நடத்தியிருக்கிறார்! கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூலால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொடுவார்கள். முதலில் கட்டைவிரல், அப்புறம் நடுவிரல், சுண்டுவிரல், அப்புறம் விரலடி, கடைசியில் குதிகால். ஒரு தொடுகைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஒரு வாரம் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்து, அந்த நிதானத்துக்குப் பழகிக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். மரியாதையாகப் பேசினார். இடது காலை ஒரு முக்காலியின் மேல் வைக்கச் சொன்னார். மனைவி பக்கத்தில் நின்றார்.

"கண்ண மூடிக்குங்க ஐயா. நூல் படுறப்ப ஆமான்னு சொல்லுங்க. படலைன்னா சும்மா இருங்க."

அவர் கண்ணை மூடினார். மனதுக்குள் மூன்று எண்ணினார்.

"ஆமா" என்றார்.

மறுபடி எண்ணினார். "ஆமா. இது நடுவிரல்."

சுண்டுவிரலுக்குக் கொஞ்சம் தாமதித்தார், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சொன்னால் சந்தேகம் வரும். "ஆமா... லேசாத்தான் பட்டுச்சு, ஆனா பட்டுச்சு." விரலடியில் மூன்று இடம். "ஆமா. ஆமா. ஆமா." அறை அமைதியாக இருந்தது. நன்றாகப் போகிறது என்று நினைத்தார். அடுத்த மாதம் இந்நேரம் ஷெட்டிலிருந்து வண்டி வெளியே வந்துவிடும். குரலில் தைரியம் கூடியது. "ஆமாம்மா, இது குதிகால். நல்லாவே தெரியுது."

தோளில் மனைவியின் கை விழுந்தது.

"போதுங்க" என்றார் அவர். "அவங்க இன்னும் தொடவே ஆரம்பிக்கல."

மருந்துக்கடைக்காரர் கண்ணைத் திறக்கவில்லை.