முதல் அடியைத் தொலைத்த பெட்டி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டெக்னோ என்கிற இயந்திர இசைக்கு ஃபங்க் என்கிற கறுப்பின மக்களின் ஆட்ட இசைதான் தாய் என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். 'டெட்ராயிட் நகரின் இசை வரலாற்றை நோக்குங்கால்' என்று தொடங்கினேன். நோக்குங்காலாம்! எனக்கே கொட்டாவி வந்தது. அதனால்தான் கதை.

2

வெர்னிட்டா, தானே டிரம்ஸ் அடிக்கும் தாளப்பெட்டியைக் கைக்குழந்தைபோல (இந்த உவமையை அடித்துவிட்டேன், அவளுக்குக் குழந்தைகளைக் கண்டாலே ஆகாது) சுமந்துகொண்டு டெட்ராயிட் கார்த் தொழிலாளர் சங்க மண்டபத்துக்கு வந்தாள். 1983, ஞாயிறு மதியம். அவரவர் வீட்டுக் கோழி வறுவல், அவரவர் பாட்டில், நடுவில் ஆட இடம். மாதாமாதம் அங்கே வாசிப்பது அவள் அண்ணன் ராஸ்கோவின் ஃபங்க் குழு. ஐந்து பேர், அவன் பேஸ் கிட்டார்.

மண்டபத்தை நடத்தும் எர்லீன் கறாராகச் சொல்லிவிட்டாள்: "யாரு ஜனத்த ஆட வைக்கிறீங்களோ, இனிமே அவங்களுக்குத்தான் மேடை."

"தையல் மெஷினத் தூக்கிட்டு வந்துட்டியா?" என்றான் ராஸ்கோ.

"உன் டிரம்மர் மாதிரி இது பாதிப் பாட்டுல பீர் கேக்காதுண்ணே."

3

அங்கே ஆடுவது வரிசை நடனம். ஃபங்கில் முதல் அடி கனமாக விழும். அதைக் கேட்டுத்தான் வரிசை மொத்தமும் திரும்பும். வெர்னிட்டாவோ பெட்டியில் நான்கு அடியையும் ஒரே கனத்தில் வைத்திருந்தாள். எது முதலாவது என்று யார் கண்டது? பாதிப் பேர் இடப்பக்கம் திரும்ப, மீதிப் பேர் அவர்கள் மேலேயே போய் முட்டினார்கள். ஒரு விக் கழன்று விழுந்தது. (விக் கொஞ்சம் அதிகம்தான். எடுக்க மாட்டேன்.)

"அடியே, கால உடைக்கவா வந்த!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

'ராஸ்கோ வெற்றிப் புன்னகையுடன்' என்று எழுதிப் பார்த்தேன். சே, அவன் அப்படிப்பட்டவனில்லை. தாளம் தடுமாறினால் அவனால் சும்மா இருக்க முடியாது. பாய்ந்துபோய்க் கிட்டாரை ஒலிபெருக்கியில் செருகினான். நான்கில் முதல் அடியில் மட்டும் தடித்த கம்பியை ஓங்கி அறைந்தான். வரிசை சேர்ந்துகொண்டது. மண்டபம் குலுங்கியது. இப்படி ஒரு சத்தத்தை அண்ணனும் கேட்டதில்லை, தங்கையும் கேட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

4

பாட்டு முடிந்ததும் எர்லீன் வந்தாள். "மேடை உங்க ரெண்டு பேருக்கு. மத்த நாலு பேரும் வேணாம்."

"வாண்ணே. நீ இல்லாம இது வெறும் டப்பா," என்று கெஞ்சினாள் வெர்னிட்டா.

முடிவு அ: ராஸ்கோ மறுக்கிறான். நல்ல மனிதன்; ஆனால் ஃபங்கும் பெட்டியும் சேராமல் என் கட்டுரை அம்போ.

முடிவு ஆ: ராஸ்கோ ஒப்புக்கொள்கிறான். கட்டுரை பிழைத்தது, ஆனால் நான்கு பேர் தெருவில்...

இரண்டையும் கிழித்தாயிற்று. முடிவு சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. ராஸ்கோ தன் குழு உட்கார்ந்திருக்கும் மேசைக்கு வருகிறான். பத்து வருடமாக அவன் பக்கத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் நீங்கள். மற்ற மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கடியில் உங்கள் கால் இன்னும் அந்தப் பெட்டியின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"நான் அவகூடப் போகட்டுமாடா?" என்கிறான்.

சொல்லுங்கள்.