கைகாட்டி இறங்கின படம்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டைகளுக்கு முத்திரை குத்தும் சங்கரலிங்கம், ஞாயிற்றுக்கிழமைதோறும் துறைமுகத் தீவுக்குப் போகும் வழியிலுள்ள ரயில்வே கேட்டில் நின்று சினிமாப் படம் எடுப்பார். யூதர் தெருவான ஜூ டவுனில் வீட்டை ஒழித்துக்கொண்டு வெளிநாடு போன குடும்பத்திடம் வாங்கிய சின்னக் கேமரா. ஒரு சுருள் மூன்று நிமிடம் ஓடும். சத்தம் பதியாது. சிக்னல் கைகாட்டி இறங்கும், ரயில் வரும், போகும். அவ்வளவுதான் படம். குறுக்கே மனிதர்கள் வந்தால் கேமராவைத் தாழ்த்திவிடுவார்.

1978 ஆகஸ்டில் ஒரு ஞாயிறன்று கொப்பரை லாரி ஒன்று அந்தக் கேட்டை உடைத்துக்கொண்டு தண்டவாளத்தில் போய் நின்றது. கேட் கீப்பர் ராமபத்ரன் ரயிலை நிறுத்தக் கைகாட்டியை மறுபடி ஏற்றிவிட்டுச் சிவப்புக் கொடியோடு ஓடினார். ரயில் தூரத்திலேயே நின்றுவிட்டது. யாருக்கும் காயமில்லை. திறந்து கிடந்த கேட்டின் ஓரத்தில்தான் லாரி இடித்தது, கைகாட்டி இறங்கவே இல்லை என்று லாரி டிரைவர் எழுதிக் கொடுத்தான். ராமபத்ரனை சஸ்பெண்ட் செய்தார்கள்.

மறுநாளே அவர் சங்கரலிங்கத்தின் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணாச்சி, லாரி இடிச்சதை எடுத்தீங்கல்ல?”

“இல்லியே.”

“பத்தடி தள்ளித்தானே நின்னீங்க?”

“கேமரா கைகாட்டியப் பாத்து இருந்துச்சு.”

“அத்தனை பெரிய சத்தம். திரும்பிப் பாக்கத் தோணலையா?”

“திரும்பியிருந்தா ரயில் வாறது விட்டுப்போயிருக்குமே.”

சாயா கொண்டுவந்த மனைவி ஆவுடையம்மாள் சொன்னாள்: “எங்க கல்யாணத்துலயும் இவுக என்னையத் திரும்பிப் பாக்கலை. அன்னைக்கும் ஏதோ ஒரு வண்டி போச்சு.”

“கூட்ஸ் வண்டி” என்றார் சங்கரலிங்கம்.

ராமபத்ரன் சாயாவைத் தொடவில்லை. “கைகாட்டியாவது படத்துல விழுந்திருக்கா? கேட்டைப் பூட்டினாத்தான் கைகாட்டியை எறக்கற லீவர் அசையும். லாரி இடிக்கறதுக்கு முன்னாடி கைகாட்டி எறங்கியிருந்துதுன்னு தெரிஞ்சா என் வேலை பொழைக்கும்.”

“பட்டனை அமுக்கினேன். ஆனா இந்த மாசம் ரெண்டு தடவை சுருள் உள்ளயே சிக்கிடுச்சு. பம்பாய்ல கழுவி வந்தாத்தான் தெரியும்.”

“எத்தனை நாள் ஆகும்?”

“மூணு வாரம்.”

“விசாரணையும் அன்னைக்குத்தான்” என்று எழுந்தார் ராமபத்ரன்.

“சாயாவைக் குடிச்சிட்டுப் போங்க” என்றாள் ஆவுடையம்மாள். “வேலை போனாலும் வயிறு இருக்கும்லா?”

பார்சல் விசாரணை நாள் காலையில் வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஸ்டூடியோ அப்துல் ஜலீலிடம் புரொஜெக்டரை இரவல் வாங்கி, சங்கரலிங்கமும் ராமபத்ரனும் போட் பிடித்து எர்ணாகுளம் போனார்கள்.

அதிகாரியின் அறையில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டினார்கள். லாரி டிரைவரும் நின்றிருந்தான். வெள்ளைச் சுவரில் ஒரு கைகாட்டி தெரிந்தது. சுருள் சிக்கவில்லை. ராமபத்ரன் மூச்சு விட்டார்.

கைகாட்டி இறங்கியது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கம்பத்தின் உச்சியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

“இது எந்தா, காக்கா படமோ?” என்று மலையாளம் கலந்து கேட்டார் அதிகாரி.

சுவரில் படம் ஒரு குதி குதித்தது.

“இப்ப எந்தா ஆச்சு?”

“லாரி இடிச்சுது சார். பயந்துட்டேன்.”

“லாரி எவிடே?”

“என் முதுகுக்குப் பின்னாடி.”

சிறிது நேரத்தில் கைகாட்டி மறுபடி ஏறியது. காக்கை பறந்தது. சுருள் தீர்ந்தது.

அதிகாரி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை ஓட்டச் சொன்னார்.

“அவரு தும்மியிருப்பாரு சார்” என்றான் டிரைவர். “அதான் படம் குதிச்சிருக்கு.”

“அவர் தும்மினா கேட் கீப்பர் ஏன் ஓடிப் போய் சிக்னலை ஏற்றணும்? ஏற்றணும்னா முதல்ல அது இறங்கியிருக்கணும். இறங்கணும்னா கேட் பூட்டியிருக்கணும்.” அதிகாரி டிரைவரையே பார்த்தார். “பூட்டின கேட்டில் நீ எப்படி வந்தாய்?”

டிரைவர் சுவரைப் பார்த்தான். சுவரில் இப்போது ஒன்றுமில்லை.

“பிரேக் பிடிக்கலை சார்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “ராமபத்ரன், நாளைக்கு டியூட்டிக்குப் போகலாம். சங்கரலிங்கம், படம் ஃபைலில் இருக்கணும். தருவீங்களா?”

ராமபத்ரன் சங்கரலிங்கத்தின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வச்சுக்கோங்க சார்” என்றார் சங்கரலிங்கம். “ரயிலே வரலை. கெட்டுப்போன சுருள்தானே.”