குரல் தெரிந்தவர்

எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் அவன் கடையை மூடிவிட்டானா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அப்பா விட்டுப்போன பம்பு, குழாய் மொத்த வியாபாரத்தில் இந்த ஊர்க் கடை எனக்கு, பக்கத்து ஊர்க் கடை அவனுக்கு. இரண்டையும் இணைப்பது அப்பா காலத்துக் கம்ப்யூட்டர். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. பிடிவாதத்தில் என்னைத் தோற்கடித்துவிடும். ஒரு கடை 'முடிந்தது' என்று அனுப்பினால், மறு கடை 'சரி' என்று அடிக்கும்வரை அன்றைய கணக்கை மூட விடாது.

அப்பா போன அன்று, "நீ ஒழுங்காப் பாத்துக்கிட்டிருந்தா அவர் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரு" என்று உறவுக்காரர்கள் முன்னால் சொன்னான், பாவி. அன்றிலிருந்து எங்களுக்குள் மிச்சம் இருந்தது இந்த இரண்டு வார்த்தைதான். அவனுடைய 'முடிந்தது' வரத் தாமதமானால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கோபம் கோபம்தான், அது வேறு.

போனிலேயே ஆர்டர் போட வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நச்சரித்ததால் ஒரு பொறியாளரை வரவழைத்தேன். சின்னப் பெண். பழைய கம்ப்யூட்டரைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இதை நேரா இன்டர்நெட்ல போட்டா கதவில்லாத வீட்ல குடியிருக்கிற மாதிரி. முன்னாடி ஒரு பெட்டி வைக்கிறேன். வர்றது யாருன்னு அது விசாரிக்கும். ஆர்டரை மட்டும்தான் உள்ள விடும்."

"அப்ப சாயங்காலம் அனுப்புற செய்தி?"

"அது இனிமே போகாதுக்கா. கணக்கைப் பெட்டியே மூடிக்கும். ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

வேலை மிச்சமாம். "நல்லதாப் போச்சு" என்று வாய் மட்டும் சொன்னது.

அண்ணன் கடையில் அவள் ஆள் ஒருவன் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தான். இங்கேயும் வைத்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பெட்டியும் ஒண்ணை ஒண்ணு நம்பணும்னா, ரெண்டு திரையிலயும் ஒரே எழுத்து வரிசை வரணும். நடுவுல எவனாவது புகுந்திருந்தா அது மாறிடும். போன் போட்டு உங்க அண்ணனைப் படிக்கச் சொல்லுங்க. நீங்க சரிபாருங்க."

"நீயே பேசேன்."

"எனக்கு அவர் குரல் தெரியாதேக்கா. பேசுறது அவர்தான்னு குரலை வச்சுத்தான் சொல்ல முடியும்."

கடையில் மற்றவர்கள் எல்லாம் சண்டைக்கு அப்புறம் சேர்ந்தவர்கள், அவன் குரலைக் கேட்டதே இல்லை. வேறு வழியில்லை. அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன்.

"நான்தான்" என்றேன்.

"ம். சொல்லு" என்றான். குரல் அப்படியே அப்பா குரல். எப்போது இப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது.

"திரையில இருக்கிறதைப் படி."

படித்தான். ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல். நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். கடைசி எழுத்துவரை அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. அதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் போனை வைத்துவிடுவான். அதற்கப்புறம் அவனிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தைகூட வராது.

"ஒத்து வரலை" என்றேன். "முதல்லேருந்து படி."

"அக்கா, எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றாள் அந்தப் பெண். அது அவனுக்கும் கேட்டிருக்கும்.

அவன் போனை வைக்கவில்லை. முதல் எழுத்திலிருந்து, முன்னைவிட மெதுவாக, படிக்க ஆரம்பித்தான்.