போர்வை போர்த்திய சாலி

என்னுடைய சாலி மோட்டார் சைக்கிளை ஹோலுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, கட்டில் விரிப்பால் மூடி, பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு என் அண்ணன் ஜெபநேசன் காவலிருந்தார். கோப்பாயில் ஒரு வயோதிபர் காலில் புண்ணோடு நான் வருவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஹெல்மெற்றும் மருந்துப் பையுமாக வந்து விரிப்பில் கைவைக்க, அண்ணன் என் கையை மறித்தார்.

"பிள்ளை, உதை இனி ஓடாதை. நான் கொவென்றிக்குக் கொண்டுபோறன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கதிரையைத் தூக்கி முற்றத்தில் எறிந்திருக்கலாம். மெதடிஸ்ற் வீட்டில் வளர்ந்த பழக்கம், எறியவில்லை. "அண்ணை, இது நான் வேலைக்கு ஓடுறது" என்று மட்டும் சொன்னேன்.

நான் தேவகுமாரி. பெரியாஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்து பென்சன் எடுத்தவள். கொக்குவிலில் அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். ஊரில் என் பெயர் மிஸி, அவ்வளவுதான். பென்சனுக்குப் பிறகும் வீட்டில் குந்தியிருக்க முடியவில்லை. பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போக, பெரிய பெரிய வீடுகளில் தனித்துக் கிடக்கிற வயதுபோன ஆட்களுக்குப் புண் கழுவி மருந்து கட்டுவது, சலக்குழாய் மாற்றுவது, இன்சுலின் போடுவது எல்லாம் நான்தான். கோப்பாயில் சிவக்கொழுந்து ஐயா, அரியாலையில் பாலேஸ்வரி அம்மா, இடையில் இன்னும் பல பேர். இத்தனை வீட்டுக்கும் என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தச் சாலி. சின்னச் சில்லு, தாழ்ந்த சீற், சேலை உடுத்தபடியே ஏறிக் குந்தக்கூடிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்.

அண்ணன் லண்டன் போன புதிதில் அனுப்பிய காசில்தான் அப்பா எனக்கு இதை வாங்கித் தந்தார். அது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் பெற்றோல் வராத சண்டைக் காலத்தில் காபரேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டித் திரிந்தவள் நான். தொண்ணூற்றைந்தில் ஊரே வெளிக்கிட்டபோது அப்பாவைப் பின்னால் இருத்திச் சாவகச்சேரி மட்டும் உருட்டியும் ஓடியும் போனவள் நான். அந்தப் புகையில் ஒரு மூச்சாவது அண்ணன் இழுத்ததில்லை.

இந்த ஆவணியில் வந்து இறங்கியவர், சூட்கேசைத் திறந்ததும் எனக்குச் சொக்லேற் எடுத்துத் தருவார் என்று பார்த்தால், எடுத்தது றப்பர்க் குழாயும் வாசரும் பூச்சு மருந்தும். இங்கிலாந்தில் அவர் இப்போது இருக்கிற கொவென்றியில், பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்றில் இருக்கிறாராம். அங்கே எல்லாருக்கும் ஒரே கதை, எதனோல். பெற்றோலோடு கலந்துவிடுகிற அற்ககோல். அது புது வாகனத்துக்குக் காரியமில்லை, பழசுகளின் றப்பரை ஊதப் பண்ணும், ஈரத்தை இழுத்துப் பெற்றோல் ராங்கியில் துருப்பிடிக்க வைக்கும் என்று விமானத்தால் இறங்கிய களைப்பே இல்லாமல் எனக்குப் பாடம் எடுத்தார். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேளாமல் சாலியைக் குருநகரில் வின்சன்றின் கராஜில் கொண்டுபோய் விட்டார். பழைய ஹொண்டாக்களைத் திருத்துவதில் வின்சன்ற் கெட்டிக்காரன்.

"புதுசாக்கித் தாறன் பிள்ளை, ரெண்டு நாள் பொறு" என்றார் அண்ணன். கிழமைகள் போயின. கழற்றினார்கள், சுரண்டினார்கள், வாங்கிய காலத்து நீலத்தைத் தேடிப் பெயின்ற் அடித்தார்கள். ராங்கியின் உள்பக்கத்துக்கு லண்டன் பூச்சைப் பூசினார்கள். பூச்சு நன்றாகக் காயவேண்டும் என்று வின்சன்ற் சொல்ல, காய்ந்தது போதும் என்று அண்ணன் அவசரப்பட்டார். நான் ரவுணுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோப்பாய்க்கு இன்னொரு பஸ் என்று வெயிலில் நாய்ப்பாடு பட்டேன். சில நாளில் போகவே முடியவில்லை. அப்படிப் போகாமல் விட்ட ஒரு கிழமையில்தான் சிவக்கொழுந்து ஐயாவின் காலில் ஆறிவந்த புண் திரும்பச் சீழ் வைத்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அண்ணன் கடும்நீலமா இளம்நீலமா நல்லது என்று போனில் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

சாலி வந்தது. வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. அண்ணன் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவித் துடைத்து, படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினார். கழுவின கழுவலில் தண்ணீர் ராங்கிக்குள் போனதோ என்று அவருக்கு ஒரு யோசினை. சூட்கேசிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்து ராங்கிக்குள் முழுதாக ஊற்றினார். "தண்ணியை வத்தப் பண்ணுற சாமான்" என்றார்.

அடுத்த நாள் காலை நான் அதில் வெளிக்கிட்டேன். கோப்பாய்க்குக் கிட்டப் போகும்போது இருமியது, இழுத்தது, நின்றது. உதைத்து உதைத்துக் கால் நொந்துபோனதுதான் மிச்சம். வின்சன்ற் வந்து காபரேற்றரைக் கழற்றிப் பார்க்க, ராங்கிக்குள் பூசிய பூச்சு செதில் செதிலாக உரிந்து வந்து அடைத்துக் கிடந்தது.

அண்ணனுக்கு அதைப் பார்த்ததும் கவலை வரவில்லை, வெற்றி வந்தது. "நான் சொன்னனான்தானே! இஞ்சையும் கலக்கத் தொடங்கீட்டாங்கள். இந்தியாவிலை இருபது வீதமாம். எங்கடை பெற்றோல் செட்டிலை அடிச்சதுதான் இந்த வேலை பார்த்திருக்கு."

"அண்ணை, உந்தப் பெற்றோலிலை ஓடுற சாலி, எம்டி எண்டு பழைய ஹொண்டா எல்லாம் என்னட்டைத்தான் வருது. ஒண்டுக்கும் உப்பிடிக் காணேல்லை" என்றான் வின்சன்ற்.

"உனக்குத் தெரியாது தம்பி. அங்கை இதைப் பற்றிப் புத்தகமே எழுதியிருக்கிறாங்கள்."

அன்றைக்கே சாலியை ஏற்றிவந்து ஹோலுக்குள் வைத்து மூடினார். திருப்பி வின்சன்றிடம் அனுப்பித் திருத்துவிப்போம் என்று நான் வந்து விரிப்பில் கைவைத்தபோதுதான் முதலில் சொன்ன கொவென்றிக் கதை. இங்கே விட்டால் பெற்றோல் தின்று அழிந்துபோகுமாம், அங்கே கொண்டுபோனால் காப்பாற்றலாமாம். அன்று மாலை எங்கள் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், குடும்பத்தின் ஞாபகச்சின்னத்தை அழிவிலிருந்து மீட்க வழிகாட்டினதற்காக ஆண்டவருக்கு நன்றி செலுத்தினார். வந்திருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது குசினிக்குள் வைத்துக் கேட்டேன். "அண்ணை, அது எனக்கு வேலைக்குப் போற வாகனம். அதில்லாட்டி நான் எப்பிடி உந்த ஆக்களைப் போய்ப் பார்க்கிறது?"

"உனக்கென்ன, ஒரு புது ஸ்கூற்றி எடுத்துத் தாறன்."

"இருந்தெழும்பேலாத இந்த முழங்காலோடை அவ்வளவு உயரத்திலை என்னாலை ஏறேலாது. எத்தினை தரம் சொன்னனான்."

"பழகினாச் சரி" என்று சொல்லிவிட்டு பிஸ்கற் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நித்திரை வரவில்லை. கூரை ஓடு மாற்றக் காசு அனுப்பியவர், அப்பாவின் செத்த வீட்டுச் செலவைப் பார்த்தவர், அவரை எதிர்த்துக் கதைப்பதா என்று இத்தனை வருசமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் இப்போது என் தலையில் வந்து விடிந்திருக்கிறது. அவருடைய புத்தகத்தை வைத்தே அவரைக் கேட்போம் என்று எழும்பினேன்.

காலையில் பெற்றோல் செட்டுக்கு நடந்து போய் ஒரு போத்தலில் பெற்றோல் வாங்கி வந்தேன். ரெண்டு ஜாம் போத்தல்களைக் கழுவி, ரெண்டிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தண்ணீர் நின்ற மட்டத்தில் வெளியே பிளாஸ்ரர்த் துண்டு ஒட்டினேன். ஒன்றில் செட்டுப் பெற்றோல், மற்றதில் சாலி ராங்கியிலிருந்து எடுத்த பெற்றோல். அற்ககோல் இருந்தால் அது பெற்றோலை விட்டுத் தண்ணீரோடு சேரும், தண்ணீர்மட்டம் கூடும். இதை அண்ணன்தான் வந்த அன்று எனக்குச் சொல்லித் தந்தார். அவருக்கு முன்னால் மேசையில் வைத்து ரெண்டையும் குலுக்கினேன்.

செட்டுப் பெற்றோலில் தண்ணீர் பிளாஸ்ரரை விட்டு அசையவில்லை. ராங்கிப் பெற்றோலில் பிளாஸ்ரரைத் தாண்டி ஏறி நின்றது.

"பாத்தியா! எதனோல்!" என்று அண்ணன் கதிரையை விட்டு எழும்பினார்.

"செட்டிலை இல்லாதது ராங்கிக்குள்ளை எப்பிடி வந்தது?" ஜன்னல் கட்டில் கிடந்த அவருடைய வெறும் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். "மணந்து பாருங்கோ. ஊசி போட முதல் தோலிலை துடைக்கிற ஸ்பிரிட். நான் வாழ்க்கை முழுக்க மணந்தது. லேபலிலையும் அற்ககோல் எண்டுதான் போட்டிருக்கு. காயாத பூச்சுக்கு மேலை நீங்களே ஊத்தினனீங்கள்."

அண்ணன் போத்தலை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, எழுத்தை வாசித்தார். திருப்பி வாசித்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, "சரி, இண்டைக்கு இல்லை. நாளைக்கு இஞ்சையும் வரும்தானே" என்றார்.

"கொவென்றியிலை?"

"அங்கை பத்து வீதம். ஒவ்வொரு பம்பிலையும் எழுதிக் கிடக்கு."

"அப்ப அங்கை கொண்டுபோய் எதிலை ஓடுவியள்?"

"ஓடுறதோ? ஆர் ஓடினது? கண்ணாடி போட்டு வைப்பன்."

அந்த நேரம் எனக்குத் தலைக்குள் விறுவிறுத்தது. எதனோலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அவருக்கு ஒரு சாமான் வேணும், எடுக்கப் போகிறார். அதை மீட்பு என்று சொல்கிறார், அதற்கு ஆண்டவரையும் சாட்சிக்கு இழுக்கிறார். என் வேலையும் என் முழங்காலும் அந்த ஐயாவின் புண்ணும் அவருடைய கணக்கில் எங்கேயும் இல்லை. பின்னேரம் மட்டும் பொறுத்திருந்து போனை எடுத்தேன்.

நான் பார்க்கிற எல்லா வீட்டுப் பிள்ளைகளின் நம்பரும் என்னிடம் உண்டு. எல்லாருக்கும் ஒரே குரல்பதிவை அனுப்பினேன். "மிஸி கதைக்கிறன். இனி அம்மா அப்பாவைப் பார்க்க வர ஏலாது. என்ரை சாலியை அண்ணை லண்டனுக்குக் கொண்டுபோறார். வேறை ஆளைப் பாருங்கோ. ஏதும் கேக்கிறதெண்டால் அண்ணையைக் கேளுங்கோ." கீழே அண்ணனுடைய நம்பரைப் போட்டேன்.

முதலில் சிவக்கொழுந்து ஐயாவின் மகன் அருட்செல்வன், ரொறன்ரோவிலிருந்து. "அண்ணை, அப்பாவின்ரை கால் போனா நீங்களோ வந்து பார்ப்பியள்?" என்ற சத்தம் எனக்குக் குசினி மட்டும் கேட்டது. அந்தப் போனை வைக்க முன்னமே பாலேஸ்வரி அம்மாவின் மகன் ஜெயதீபன், நோர்வேயிலிருந்து. அவன் மரியாதையாகத்தான் தொடங்கினான், முடிக்கும்போது மரியாதை இருக்கவில்லை. பிறகு ஜேர்மனி, பிறகு மெல்பேர்ண். கடைசியாக அண்ணனுடைய கொவென்றிச் சபையிலேயே பாட்டுக்குழுவில் நிற்கிற ஒரு பெண். அவளுடைய தாய் எங்கள் ஒழுங்கையில்தான் கிடக்கிறா. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழும்பி இதைச் சொல்வேன் என்று அவள் வெருட்டியிருப்பாள் போல. அண்ணன் "இல்லை தங்கச்சி, இல்லை இல்லை, பிழையா விளங்கீட்டியள்" என்று ஹோலுக்குள் நடந்து நடந்து வியர்த்துப்போனார். நான் புட்டு அவித்து, சம்பல் இடித்துச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் விடியவே வின்சன்ற் வந்து நின்றான். அண்ணன்தான் கூப்பிட்டிருந்தார். ராங்கியில் மிஞ்சின பூச்சையும் சுரண்டி எடுத்து, காபரேற்றரைக் கழுவிப் பூட்டி, செட்டுப் பெற்றோலை ஊற்றி உதைத்தான். சாலி பழைய சத்தத்தில் பிடித்தது. நான் மருந்துப் பையை முன்கூடையில் வைத்து ஏறிக் குந்தினேன்.

அண்ணன் கட்டில் விரிப்பை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றார். முகம் நித்திரையில்லாமல் வீங்கியிருந்தது.

"பிள்ளை, உனக்கு உவ்வளவு தேவையெண்டு எனக்குத் தெரியாது. முதலே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

நேற்று வரைக்கும் இருந்த ஆத்திரம் எல்லாம் சேர்ந்தாலும், இதைக் கேட்டபோது வந்த ஆத்திரத்துக்குக் கிட்டவும் நிற்காது. எஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சொன்னேன்.

"சொன்னனான் அண்ணை. ஹோலுக்குள்ளை சொன்னனான், குசினிக்குள்ளை சொன்னனான், போத்திலைக் குலுக்கியும் காட்டினனான். ஊர் உலகத்திலை இருக்கிற அத்தினை பேர் சொன்னாப் பிறகுதான் உங்களுக்குக் காது கேட்டது. நான் சொன்னது மட்டும் இண்டு வரைக்கும் கேக்கேல்லை."

அவர் வாயைத் திறந்தார். நான் சாலியை உதைத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். சிவக்கொழுந்து ஐயாவுக்கு மருந்து கட்டி மூன்று நாளாகிவிட்டது.