கச்கினின் கீச்சு

துக்கத்துக்காக முற்றத்தில் போட்ட யூர்த்தா கூடாரத்தின் வாசலில் கோலூன்றிக் குனிந்து ஓலமிட்ட எர்மெக், ஓலத்துக்கு நடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றாக இன்னும் எட்டு நிமிடம். அப்பா செத்தால் மகன் வெளியே நின்று கத்தி அழுவது நாரினில் முறை. மணி பார்த்து அழுவது எந்த ஊரிலும் முறையில்லை.

"என்னடா, பஸ்ஸுக்கு நேரமாச்சா?" பக்கத்தில் கோலூன்றி நின்ற துர்து சித்தப்பா கிசுகிசுத்தார்.

"காரகண்டாலேருந்து பாவெல் கூப்பிடுவாரு சித்தப்பா. பதினோரு மணிக்கு."

பாவெலும் அப்பா கச்கினும் முப்பத்தெட்டு வருடமாகத் தினமும் அந்த நேரத்தில் ரேடியோவில் மோர்ஸ் தட்டிப் பேசியவர்கள். முகம் பார்த்ததில்லை, போன் நம்பர் வாங்கிக்கொண்டதுமில்லை. அப்பா கையால் கட்டிய வால்வு டிரான்ஸ்மிட்டரில் ஒரு கோளாறு இருந்தது. விசையை அழுத்தினால் வோல்டேஜ் சரியும். அதோடு வால்வின் இயக்கம் மாறி, அலையின் அதிர்வெண்ணும் வழுக்கும். ஒவ்வொரு ஒலியும் குருவி மாதிரிக் கீச்சிடும்.

எலக்ட்ரீஷியன் எர்மெக் ஊரில் எந்த வேலையையும் முழுதாக முடித்ததில்லை. இதை மட்டும் முடித்தான். இலையுதிர் காலத்தில், அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்டெபிலைசர் பொருத்தினான். சுருதி அசையாமல் நின்றது.

"யாருய்யா நீ? கச்கின் பேர்ல ஏன் பேசுற?" என்று கேட்டுவிட்டு, கீச்சில்லாத அந்த ஒலியை நம்பாமல் பாவெல் தொடர்பை விட்டார். அதன்பின் தினமும் அவர் கூப்பிடுவார், அப்பா பதில் தட்டுவார், போலி என்று அவர் விலகிவிடுவார். ஸ்டெபிலைசரைக் கழற்றிவிடலாம் என்று எர்மெக் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. "புள்ள குடுத்தது, இருக்கட்டும்டா." நேற்றுக் காலை போய்விட்டார்.

எர்மெக் தன் கோலைச் சித்தப்பாவின் கையில் திணித்தான்.

"ரெண்டு பேருக்கும் நானே அழணுமா?"

"உங்களுக்குத்தான் குரல் பெருசு."

அப்பாவின் அறையில் ஸ்டெபிலைசரின் வயர்களை வெட்டி, பழைய இணைப்பை முறுக்கினான். முற்றத்தில் துக்கத்துக்கு வந்தவர்களுக்காக மூன்று மின்சாரக் கொதிகலன்களில் தேநீர். அவை இழுத்த இழுப்பில் வோல்டேஜ் முள் நூற்றெண்பதில் தொங்கியது.

பாவெல் கூப்பிட்டார். எர்மெக் அப்பாவிடம் கற்ற மோர்ஸில் அவர் பெயரைத் தட்டினான். கீச், கீச். குறைந்த வோல்டேஜில் சுருதியே இறங்கியிருந்தது.

"கச்கின்! அடப்பாவி, எங்கய்யா போன? தொண்டை கட்டியிருக்கு, சளியா? இத்தனை மாசமா எவனோ ஒருத்தன் உன் பேரச் சொல்லி ஏமாத்துறான்!"

எர்மெக்கின் விரல் விசைமேல் நின்றது. சளிதான் என்று தட்டிவிடலாம். இன்று ஒருநாள் மட்டும்.

அக்கா சாய்ரா கதவருகே வந்தாள். "பல்பு மங்குதே, கொதிகலன நிறுத்தட்டுமா? தூக்கப் போறாங்கடா, வா."

"நிறுத்தாதக்கா. ரெண்டு நிமிஷம்."

தட்டினான். "நான் மகன். அந்த ஒருத்தனும் அப்பாதான். மெஷினக் கெடுத்தது நான். நேத்து இறந்துட்டாரு."

வெளியே துர்து சித்தப்பா இருவருக்கும் சேர்த்து ஓலமிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பாவெலின் பதில் மெதுவாக வந்தது. "அவன் பேர இன்னொரு தரம் தட்டு, தம்பி."

எர்மெக் தட்டினான். ஒவ்வொரு எழுத்துக்கும் தலைக்கு மேல் பல்பு மங்கி மங்கி எரிந்தது.